இப்போதைக்கு இது போதும்

லாஸ் ஏஞ்சலிஸ்

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறவர்கள் மலைமேல் இருக்கும் ஹாலிவுட் எழுத்துகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்கிற நானும், அமெரிக்காவில் அதே பிழைப்பைக் கூடுதல் சம்பளத்துக்குச் செய்கிற என் கல்லூரித் தோழனும் போய் நின்றது ஒரு பொறியியல் கட்டடத்தின் நடைபாதையில். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் போல்ட்டர் ஹால். வெளியே நெடுநெடுவென்று பனைகள், துடைத்து வைத்த நீல வானம். உள்ளே டியூப்லைட், அறிவிப்புப் பலகைகள், தூக்கம் போதாத மாணவர்கள். தரையில் பதித்திருக்கும் ஓடுகளின் நிற வரிசையைப் பூஜ்ஜியமும் ஒன்றுமாகப் படித்தால் அதில் ஓர் ஆங்கில வாசகம் ஒளிந்திருக்கிறது. தோழன் குனிந்து ஒவ்வோர் ஓடாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு மாணவிகள் அவனைச் சுற்றிக்கொண்டு, அந்த வாசகத்தை மிதித்துக்கொண்டு, வகுப்புக்குப் போனார்கள்.

3420ஆம் எண் அறையை 1969-ல் இருந்தபடியே திருத்தி வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் கூட்டம் ஒன்றோடு நாங்களும் ஒட்டிக்கொண்டோம். மூலையில் நிற்கிறது ஐ.எம்.பி. என்கிற இயந்திரம். ஆள் உயரம், இரும்பு உடம்பு, தலையில் கிரேன் மாட்டித் தூக்குவதற்கு வளையங்கள். ராணுவப் பணத்தில் செய்ததால் அந்தக் கட்டுமஸ்து. வீட்டு வரவேற்பறையில் மின்னிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குக் கொள்ளுத்தாத்தா இதுதான்.

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. பேராசிரியர் லியோனார்டு கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் இந்த அறையில் உட்கார்ந்து, வடக்கே மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கினார். மறுமுனையில் பில் டுவால். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். ‘எல்’ வந்ததா? வந்தது. ‘ஓ’ வந்ததா? வந்தது. ‘ஜி’ தட்டினார். அந்தப் பக்கம் கணினி படுத்துவிட்டது.

படுத்ததற்கான காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்.ஆர்.ஐ. கணினி உபகாரி. மூன்றெழுத்தைப் பார்த்ததுமே இவர் ‘லாகின்’ என்று சொல்ல வருகிறார் என்று புரிந்துகொண்டு, மீதி எழுத்துகளையும் தானே சேர்த்து மொத்தமாகத் திருப்பி அனுப்பும். நடுவில் இருந்த நிரலிலோ அவ்வளவு எழுத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. மனிதன் தட்டுவது ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதானே, இப்போதைக்கு இது போதும் என்று விட்டிருந்தார்கள். நிரம்பி வழிந்தது. இடத்தைக் கூட்டினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முழு ‘லாகின்’ போய்ச் சேர்ந்தது. நாம் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி முந்திக்கொண்டு சொல்லி, மேலாளருக்கு ஏதோ ஒன்று போய்விடுகிறதே, அந்த வில்லங்கம் இணையத்தின் மூன்றாவது எழுத்திலேயே தொடங்கிவிட்டது.

ராத்திரி சாப்பாட்டுக்குத் தெருவோர டாக்கோ வண்டி. மெக்சிகோக்கார அம்மா ஒருவர் சோளமாவைத் தட்டிக் கல்லில் போட்டார். மகன் அதில் பீன்ஸ், வெங்காயம், கொத்தமல்லி வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தான். காரச் சட்னி இன்னும் கொஞ்சம் என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. பணம் கொடுக்கக் கைபேசியை எடுத்தேன். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை மகன் காட்டினான்: ரொக்கம் மட்டும். எங்கள் தெருவில் கீரை விற்கிற பாட்டி கூடைமேல் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். பத்து ரூபாய் வந்து விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் டப்பா தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிடும். இணையத்தின் முதல் எழுத்து கிளம்பிய ஊரிலோ நான் பையைத் துழாவிச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

“முதல்ல கரண்டு எடுத்தவன் வீட்லதான் மாப்ள பழைய வயரிங் இருக்கும்” என்றான் தோழன்.

மென்லோ பார்க்

சார்லி கிளைனின் எழுத்துகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்த தூரத்தை நாங்கள் காரில் ஒரு பகல் முழுக்கக் கடந்தோம். இரண்டு பக்கமும் பாதாம் தோப்புகள், அப்புறம் மொட்டைக் குன்றுகள். நமக்குக் கோடை முடிந்து மழை வந்தால் மலை பச்சையாகும். இங்கே மழை குளிர்காலத்தோடு சரி. கோடையில் புல் காய்ந்து குன்றுகள் பொன்னிறத்தில் கிடக்கின்றன, அங்கங்கே தனியாக ஓர் ஓக் மரம்.

தோழன் வீட்டில் அவன் அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். விசா ஆறு மாதம், வாக்கிங் தினம் இரண்டு வேளை, மீதி நேரம் தொலைக்காட்சித் தொடர். நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சோறும் பொரித்த அப்பளமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, அந்த இன்டர்நெட்டு இந்த ஊர்லதான் இருக்குதுங்கறாங்க. நானும் வந்ததுலருந்து நடந்து நடந்து பாக்கறேன். ஒரு போர்டுகூடக் காணமே?”

நியாயமான கேள்வி. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயரைக் கேட்டு வானளாவும் கண்ணாடிக் கோபுரங்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இரண்டு மாடிக் கட்டடங்கள், மரங்கள், பெரிய பெரிய கார் நிறுத்தங்கள். நடந்து போகிறவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்க்க வந்த இந்தியப் பெற்றோர்கள்.

எஸ்.ஆர்.ஐ. வளாகம் இன்றும் ரேவன்ஸ்வுட் அவென்யூவில் இருக்கிறது. உள்ளே விட மாட்டார்கள். வெளியே நின்றபடி நான் நினைத்துக்கொண்டது 1969-ஐ அல்ல, எலிசபெத் ஃபைன்லரை. எல்லோருக்கும் அவர் ‘ஜேக்’. 1970-களிலும் 80-களிலும் இங்கே வலையமைப்புத் தகவல் மையத்தை நடத்தியவர். அன்று வலையில் இருந்த அத்தனை கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன, அந்தக் கோப்பு இவருடைய குழுவிடம் இருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் இவர்களிடம்தான் சொல்ல வேண்டும், அதுவும் அலுவலக நேரத்தில். உலகத்தின் மற்றக் கணினிகளெல்லாம் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். கூட்டம் பெருகி அந்தக் கோப்பு தாங்காமல் போனபோது, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்கிற பகிர்ந்த பெயர்முறையை வடிவமைத்தார். டாட் காம், டாட் எட்யு முதலான பின்னொட்டுகள் வந்ததில் ஃபைன்லரின் குழுவுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பழைய கோப்பு ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. உங்கள் மடிக்கணினிக்குள் தேடிப் பாருங்கள், ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் அதன் வாரிசு இன்னும் குடியிருக்கும். அதற்குப் பதிலாக வந்த டி.என்.எஸ். கதையும் சுவாரசியம்தான். வெப்சைட் விழுந்தால் எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் “டி.என்.எஸ். ஆக இருக்காது” என்பார்கள். கடைசியில் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அதே ஊரில் வளைகுடாவை ஒட்டி, ஹேக்கர் வே முதலாம் எண்ணில் மெட்டா நிறுவனத்தின் பெயர்ப்பலகை. சுற்றுலாக் கூட்டம் அதன் முன்னால் வரிசை கட்டிப் படம் எடுக்கிறது. நாங்கள் பின்பக்கம் போனோம். அங்கே வெளிறிய எழுத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். ஜாவா மொழியை உலகுக்குக் கொடுத்த நிறுவனம், வலையமைப்புதான் கணினி என்று ஊரெல்லாம் முழங்கிய நிறுவனம். 2010-ல் ஆரக்கிள் அதை வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் இந்த வளாகத்துக்கு வந்தபோது பலகையைத் திருப்பி, மறுபக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டது. மெதுவாக இருந்தால் நமக்கும் இதே கதிதான் என்று ஊழியர்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் பின்பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார்கள் என்பார்கள். தோழனுக்கு வேறு விளக்கம்: “இத்தனை கோடி டாலர் சம்பாதிக்கறவனுக்கும் ஒரு போர்டு வாங்க மனசு வரலை பாத்தியா?”

போர்ட்டோலா வேலி

மென்லோ பார்க்கிலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் ஐந்து நிமிடத்தில் காட்சி மாறிவிடுகிறது. ஓக் மரங்கள், குதிரை லாயங்கள், மரவேலிகள். அங்கே ஆல்பைன் இன் என்று ஒரு மரக்கட்டை மதுக்கடை, 1850-களிலிருந்து நிற்கிறது. தொடக்கத்தில் சூதாட்ட விடுதி. இப்போது வெளியே மரத்தடியில் நீள நீள மேசைகள், அவற்றில் குடும்பங்கள், நாய்கள், இறுக்கமான உடையில் சைக்கிள்காரர்கள்.

இங்கே சுவரில் ஒரு பட்டயம் இருக்கிறது. 1976 ஆகஸ்ட் 27 அன்று எஸ்.ஆர்.ஐ. குழு வானொலிக் கருவிகள் நிறைந்த ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியது. கம்பியை இழுத்து வந்து, வெளி மேசைமேல் ஒரு முனையத்தை வைத்து, வானொலி வழியாக ஒரு செய்தியை அனுப்பியது. அது வானொலி வலையிலிருந்து கிளம்பி, அன்று ‘லாகின்’ போன பழைய வலையான அர்பாநெட்டுக்குள் நுழைந்து போய்ச் சேர்ந்தது. இரண்டு வேறுபட்ட வலைகளை டி.சி.பி. என்ற நெறிமுறை ஒட்டவைத்தது. இணையம் என்று இன்று நாம் சொல்வதன் சாரமே இந்த ஒட்டுதான். மதுக்கடையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் வைத்திருந்தார்கள். ராணுவத்துக்கான ஆராய்ச்சி ஆயிற்றே, முரட்டு மோட்டார்சைக்கிள்காரர்கள் கூடும் இடம் எதிரிப் பிரதேசத்துக்குச் சமம் என்று.

சரி, வரலாற்றில் இடம்பெற்ற அந்தச் செய்தி என்ன? வாராந்திர வேலை அறிக்கை. இந்த வாரம் என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நானும் அதையேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரே வித்தியாசம், அவர்கள் பீரோடு அனுப்பினார்கள். நாங்கள் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் பப்ஸுமாக, கட்டைவிரலால் அனுப்புகிறோம்.

பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைத்தாடிச் சைக்கிள்காரர், நான் பட்டயத்தைப் படம் எடுப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். சிப் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

“வெப்சைட்டை இன்னும் ஆட்களா செய்கிறார்கள்? ஏ.ஐ. செய்யவில்லையா?”

“அது செய்துவிடுகிறது. அது செய்ததைச் சரிபார்க்க எங்களைக் கூப்பிடுகிறார்கள்.”

அவர் சிரித்து, தன் உருளைக்கிழங்கு வறுவல் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். அப்புறம் பேச்சு ஐ.பி. முகவரிக்குப் போனது. டி.சி.பி.யை பாப் கானோடு சேர்ந்து உருவாக்கிய வின்ட் சர்ஃப், முகவரிக்கு 32 பிட் போதும் என்று 1977-ல் முடிவு செய்தார். கிட்டத்தட்ட 429 கோடி முகவரிகள். இது ஒரு பரிசோதனைதானே, பிறகு நிஜமானதைச் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. பரிசோதனையே நிஜமாகிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முகவரிகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஒரே முகவரியைப் பலர் பங்குபோட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறோம். “இதே மேசையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் 64 பிட் வைத்திருப்பார். பீர் தாராளமாக்கும்” என்றார் தாடிக்காரர்.

மவுன்டன் வியூ

கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் பாதி நாளாவது வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை வேகமாகக் கடந்து, ஐ.பி.எம். 1401 ஓடுகிற அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள். 1959-ல் அறிவிக்கப்பட்ட இயந்திரம். அந்தக் காலத்தில் அதில் வேலை பார்த்த பெரியவர்களே தொண்டர்களாக வந்து பழுது நீக்கி, ஓட்டியும் காட்டுகிறார்கள். அட்டை படிக்கும் கருவி தடதடக்கிறது. நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும் அச்சுப்பொறி கத்துகிறது. சூடான எண்ணெயும் காகிதமும் கலந்த வாசனை. வேலை நடப்பது காதுக்குத் தெரிகிற கணினி.

பார்வையாளர் பெயரை அட்டையில் துளையிட்டுத் தருகிறார்கள். தட்டச்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் பெயர் கேட்டார். சொன்னேன். குடும்பப் பெயர் கேட்டார். தமிழ்நாட்டுக்காரன் எவனும் பாஸ்போர்ட்டோடு படும் பாடு இது. எனக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து. படிவத்தில் இரண்டு பெட்டி இருப்பதால் அப்பா முழு உருவில் இரண்டாவது பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். பயணம் முழுக்க எல்லோரும் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். காபிக் கடையில் அவர் பெயரைக் கூவினால் நான் எழுந்து போய் வாங்கினேன். இதைக் கேட்ட பெரியவர், “பெயருக்கு இரண்டு பெட்டி போதும் என்று எங்கள் ஆட்களில் எவனோதான் முடிவு செய்திருப்பான், மன்னித்துவிடு” என்று சொல்லி, இனிஷியலோடு என் பெயரை மட்டும் துளையிட்டுக் கொடுத்தார். 80 பத்தி அட்டையில் தாராளமாக இடம் இருந்தது.

இடம் என்பதுதான் அன்றைய பிரச்சினை. 1401-ன் ஆரம்ப மாதிரியில் நினைவகம் 1,400 எழுத்துகள் மட்டுமே, அதிகபட்சம் 16,000. இந்தப் பத்தியே அந்த 1,400-ல் ஏறக்குறைய பாதி இடத்தைப் பிடித்துவிடும். அதனால் வருடத்தை 1962 என்று எழுதாமல் 62 என்று எழுதினார்கள். நூற்றாண்டு முடியும்வரை இந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும் என்று எழுதியவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். ஓடிக்கொண்டிருந்தது. 1990-களின் இறுதியில் உலகமே அந்த இரண்டு இலக்கங்களைத் தேடித் திருத்த ஆள் தேடியபோது, சென்னையிலும் பெங்களூரிலும் கோபால் படித்த பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினார்கள். கோபால் என்றால் ஆள் பெயர் இல்லை, 1960 வாக்கில் வந்த நிரல்மொழி. என் சீனியர்கள் வாங்கிய முதல் வீடு, அதைப் பார்த்து எங்களைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்த அப்பாக்கள், ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒரு பங்கு, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் இரண்டு எழுத்து மிச்சம்பிடித்ததற்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

இன்னொரு கூடத்தில் கூகுள் 1999-ல் கட்டிய சர்வர் அடுக்கு ஒன்று. பெட்டிக்குச் செலவழிக்கவில்லை. தட்டுகளில் தக்கைப் பலகை விரித்து அதன்மேல் கணினி உறுப்புகளை அப்படியே பரப்பியிருக்கிறார்கள், ஒயர்கள் நாலா பக்கமும் தொங்குகின்றன. உலகத்தின் கேள்விகளுக்கெல்லாம் இதுவா பதில் சொன்னது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒரு சிறுமி தன் அம்மாவிடம், “இதை ஏன் யாரும் ஒழுங்குபடுத்தவில்லை?” என்று கேட்டாள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அந்தக் குழந்தை அழுதுவிடும்.

திரும்பும்போது மிடில்ஃபீல்டு சாலை வழியாகப் போகச் சொன்னேன். நெட்ஸ்கேப் நிறுவனம் இருந்த பகுதி. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் இங்கே 10 நாளில் எழுதிக் கொடுத்த மொழிதான் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவோடு அதற்குப் பெயர் ஒற்றுமைதான், பந்தம் கிடையாது. அப்போது ஜாவாவுக்கு மார்க்கெட் இருந்தது, பெயரை ஒட்டிக்கொண்டார்கள். அவசரத்தின் தழும்புகள் இன்னும் அதில் இருக்கின்றன. ஒன்றுமே இல்லாததைக் காட்டி இது என்ன வகை என்று கேட்டால் ‘பொருள்’ என்று பதில் சொல்லும். ‘எண் அல்ல’ என்றே ஒரு மதிப்பு உண்டு, அது என்ன வகை என்று கேட்டால் ‘எண்’ என்று சொல்லும். திருத்தலாமே என்றால் முடியாது. இந்தக் கோளாறை நம்பிக் கட்டிய கோடிக்கணக்கான பக்கங்கள் உடையும். எங்களுக்குச் சோறு போடுவது இந்த மொழிதான். சோற்றில் கல் கிடந்தாலும் தட்டைத் தள்ள முடியாது.

சான் ஃபிரான்சிஸ்கோ

101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக விளம்பரப் பலகைகள் கூடுகின்றன. நம் ஊரில் நகைக்கடையும் பட்டுச்சேலையும் இருக்கிற உயரத்தில் இங்கே ஏ.ஐ. கம்பெனிகள். பல வாசகங்கள் நிரல் எழுதுகிறவனுக்கு மட்டும்தான் விளங்கும். தோழனின் அம்மா இவற்றில் சேலைக்காரி ஒருத்திகூட இல்லையே என்று குறைப்பட்டதாகச் சொன்னான்.

ஊருக்குள் ஓட்டுநர் இல்லாத வெள்ளை டாக்சியில் ஏறினோம். ஸ்டியரிங் தானாகச் சுழல்கிறது. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியை இறக்கித் திட்டவில்லை, அந்தப் பொறுமை எனக்குத்தான் தாங்கவில்லை. காந்திபுரம் ஆட்டோக்காரர் என்றால் இதற்குள் லாரிக்காரரின் சொந்த ஊர்வரை விசாரித்து, ஓரமாகப் போய், மீட்டருக்கு மேல் இருபது ரூபாயும் கேட்டு முடித்திருப்பார்.

கடலைப் பார்க்கப் போகிற ரிச்மண்ட் பகுதியில், நடுக்கோடையிலும் ஸ்வெட்டர் கேட்கும் மூடுபனிக்குள், பெரிய பெரிய தூண்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம். முன்பு தேவாலயம். 2009-ல் இதை இன்டர்நெட் ஆர்க்கைவ் வாங்கியது. புரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய அந்த அமைப்பு, இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்துக்கொண்டே இருக்கிறது. பிரார்த்தனைக் கூடத்தில் பழைய நீள பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. ஓரங்களில் மூன்றடி உயரச் சுடுமண் பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இங்கே சில வருஷம் வேலை பார்த்தவர்களின் உருவங்கள். ஒருவர் கையில் புத்தகம், ஒருவர் கையில் கணினி. பின்சுவரில் சர்வர்கள், அவற்றில் நீல விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மினுக்கும் உலகத்தில் எங்கோ ஒருவர் எதையோ எடுப்பது அல்லது வைப்பது என்று கூட்டிப்போனவர் சொன்னார். சர்வர்களின் சூடே குளிருக்குக் கட்டடத்தைக் கதகதப்பாக வைக்கிறதாம்.

பெஞ்சில் உட்கார்ந்து, அதே ஆர்க்கைவில் 1990-களின் இறுதியில் இருந்த ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தேன். திரை முழுக்கக் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். அந்தக் காலத்தில் தமிழ் எழுதியவர்கள் கையில் எல்லோருக்கும் பொதுவான குறியாக்கம் இல்லை. ஆங்கிலம் போக மீதி இருந்த இடங்களில் ஒவ்வொருவரும் ஒருவிதமாகத் தமிழ் எழுத்துகளை நிரப்பினார்கள். டிஸ்கி, டாப், டாம் என்று கட்சிகள். டாப், டாம் இரண்டும் 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி அரசு வகுத்த தரங்கள். அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழோடு வந்தது. பழைய பக்கங்கள் மொழி தெரியாத ஊரில் இறங்கிய பயணிகளாக அப்படியே நின்றுவிட்டன.

எழுத்துருமாற்றி ஒன்றில் அந்தக் கிறுக்கலை ஒட்டினேன். தமிழ் வந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டில், வேலை முடிந்து வந்து, டயல்-அப் இணைப்பு கீச்சிட, ஒரு தமிழர் எழுதிவைத்தது: இந்தப் பக்கம் கட்டுமானத்தில் உள்ளது, விரைவில் எதிர்பாருங்கள்.

கிளெமென்ட் தெருவில் பர்மியக் கடையில் தேயிலைச் சாலட் சாப்பிட்டோம். புளித்த தேயிலை, வறுத்த பருப்பு, எள், பூண்டு. மேசைக்கு வந்து நம் கண்முன்னே கிளறித் தருகிறார்கள். சென்னை பீச் ரோட்டில் அத்தோ கிளறும் அண்ணன்களைத் தோழனுக்கு ஞாபகப்படுத்தினேன். “அவரு பேசிட்டே கிளறுவாரு. இங்க டிப்ஸ் கணக்குப் போட்டுட்டே கிளறுறாங்க” என்றான்.

லிவர்மோர்

சனிக்கிழமை தோழனின் அம்மாவும் கூட வந்தார். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு. வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டுக் கோபுரமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. வேட்டியில் இருந்த கூட்டத்தில் கல்லெறிந்தால் ஒரு நிரலாளர்மேல்தான் விழும். புளியோதரை வரிசையில் எனக்கு முன்னால் ஆட்குறைப்பு, பின்னால் கிரீன் கார்டு, பேச்சு இந்த இரண்டுதான். வாசலில் கார் பூஜை. குருக்கள் மந்திரம் சொல்லி முடித்ததும், மாதாமாதம் வானத்திலிருந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மின்சாரக் கார் ஒன்று எலுமிச்சம்பழத்தை ஓசையில்லாமல் நசுக்கியது. “சாமி கும்பிட்டுட்டம்னா அப்டேட்டு ஒழுங்கா வரும்” என்று அம்மா அந்த இளைஞனுக்குத் தைரியம் சொன்னார்.

அங்கிருந்து ஈஸ்ட் அவென்யூவில் ஆறாம் எண் தீயணைப்பு நிலையம். மணியடித்தால், அவசர அழைப்பு இல்லாத நேரமாக இருந்தால் உள்ளே விடுகிறார்கள். சிவப்பு வண்டிகளுக்கு மேலே, கூரையிலிருந்து தொங்குகிற ஒயரில் ஒரு குண்டு பல்பு. 1901-லிருந்து எரிகிறது. ஒஹையோவின் ஷெல்பி நிறுவனம் செய்தது, கரி இழை, இப்போது 4 வாட் அளவுக்கு மங்கலான ஆரஞ்சு ஒளி. அடிக்கடி அணைத்துப் போடும்போது சூடேறி ஆறி இழை சீக்கிரம் அறும், இதை அணைத்ததே அபூர்வம். 1976-ல் இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தபோது, கழற்றினால் உடைந்துவிடும் என்று ஒயரை வெட்டி, போலீஸ் பாதுகாப்போடு ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். 22 நிமிடம் அணைந்திருந்தது.

பல்பைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்து, இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். பல்பு அப்படியே இருக்க, கேமராக்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. 2013 மே மாதம் ஒரு நாள் திரையில் பல்பு இருண்டது. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடிந்தது கதை என்று நினைத்தார்கள். பார்த்தால், பல்புக்கு மின்சாரம் தடைபடாமல் இருக்கப் பாதுகாப்பாக வைத்த யு.பி.எஸ்.தான் செத்திருந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருட்டு. எக்ஸ்டென்ஷன் ஒயரை நேராக இழுத்துக் கொடுத்ததும் மறுபடி எரிந்தது.

இதே சாலையில் இன்னும் கிழக்கே போனால் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம். 2024 நவம்பர் பட்டியலில் உலகின் வேகமான கணினியாக வந்த எல் கேப்பிட்டான் அங்கே இருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் சுமார் 30 மெகாவாட். அதற்கப்பால் குன்றின்மேல் ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, அதைப் பார்த்து உடுமலைப்பேட்டை ஞாபகம் வந்து அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

பல்பின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்: “எரியறத எதுக்கு நோண்டோணும்? சும்மா உட்டாப் போதும்.”

எங்கள் தொழிலின் முதல் விதியும் அதுதான். ஓடுகிற நிரலைத் தொடாதே. ஆனால் அங்கே நின்றபோது அந்த விதி பல்புக்குப் பொருந்தும், இணையத்துக்குப் பொருந்தாது என்று பட்டது. பல்பு ஒரே வேலையை, குறைந்த மின்சாரத்தில், யாரும் கைவைக்காததால் செய்துகொண்டிருக்கிறது. இணையத்தில் எவரும் எதையும் நிரந்தரமாக நினைத்துச் செய்யவில்லை. ஓர் எழுத்துக்கான இடம், இரண்டு இலக்க வருடம், ஒற்றைக் கோப்பு, 32 பிட், 10 நாள் மொழி, தக்கைப் பலகை. எல்லாமே அன்றைய பொழுதைக் கடத்தச் செய்தவை. அவை நின்றதற்குக் காரணம், ஓடும்போதே ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பது. டுவால் அன்று ராத்திரி இடத்தைக் கூட்டினார். மொக்கபெட்ரிஸ் கோப்பைப் பிரித்தார். என் சீனியர்கள் இரண்டு இலக்கத்தை நான்காக்கினார்கள். பெயர் தெரியாத யாரோ எழுத்துருமாற்றி எழுதினார்கள்.

கோயம்புத்தூர்

ஊருக்கு வந்து அலுவலகத்தில் உட்கார்ந்ததும் புதிதாகச் சேர்ந்த பையன் மடிக்கணினியோடு வந்தான். வாடிக்கையாளர் ஒருவரின் படிவத்தில் பெயருக்கு இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம்.

“அண்ணா, இப்போதைக்கு இப்படியே போட்டுடலாங்களா? அப்புறம் மாத்திக்கலாம்.”

“முதல்ல ரெண்டாவது பெட்டி கட்டாயம்கறத எடு. இன்னைக்கு எடுக்கலைன்னா எப்பவும் எடுக்க மாட்டோம். மீதியெல்லாம் இப்போதைக்குப் போதும். ஆனா ஏன் இப்படிச் செஞ்சோம்னு மேல ரெண்டு வரி எழுதிவை.”

“அதை யாருங்கண்ணா படிக்கப்போறாங்க?”

“2050-ல ஒருத்தன் உன்னைத் திட்டிக்கிட்டே திறப்பான். அவனுக்குப் புரியணும்.”

பையன் சிரித்துக்கொண்டே எழுதினான். கீழே தேதியும் போட்டான். வருடத்துக்கு நான்கு இலக்கமாகவே.